ஒரே ஆள், ஒரே எண்

மகளின் பெயரைத் தட்டித் தேடினாள். ஒண்ணாம் நம்பர் வந்து நின்றார்.

டேட்டாபேஸ்காரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் என்று ஒன்றே இல்லாத சர்வர் அறையில், காலையிலிருந்து ஏசிக் குளிரில் விரல் விறைக்க உட்கார்ந்திருப்பவள். கை தவறி வேறு எதையாவது தட்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டு, இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். மறுபடியும் அதே ஆள். எண்: ஒன்று. தொழில்: லாரி டிரைவர், ஓய்வு. வார்டு: மூன்றாம் மாடி, நீண்டகாலச் சிகிச்சை. அவள் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

அந்த மருத்துவமனையில் ஒண்ணாம் நம்பரைத் தெரியாதவர்கள் கிடையாது. கம்ப்யூட்டர் வாங்கிய அன்று முதன்முதலாகப் பதிவான நோயாளி என்பதால் அந்தப் பெயர். பக்கவாதம் வந்து வாயின் இடப்பக்கம் தொங்கிப்போய், பேச்செல்லாம் அழிந்து, ஒரே ஒரு கேள்வி மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. இரண்டு முறை இருமுவார். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி வறண்ட இருமல். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்து, "வண்டி வந்துடுச்சா?" என்பார். நர்சுகள் போகிற போக்கில் "வந்துட்டே இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் கட்டிலைக் கடந்து வந்தால் தைல வாசனை மூக்கைவிட்டு இறங்க வெகுநேரம் ஆகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பதிவுக் கவுன்டர்கள் மூடியிருக்கும் ஒரே நாள். நிர்வாகம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலையை அன்றைக்குத்தான் செய்ய முடியும். வேலைக்குப் பெயரே "ஒரே ஆள், ஒரே எண்." ஒரு வருடம் நோயாளியாக வந்தவர் அடுத்த வருடம் இன்னொருவருக்குத் துணையாக வந்திருப்பார், அதற்கடுத்த வருடம் இங்கேயே வேலைக்குச் சேர்ந்திருப்பார். மூன்று இடத்தில் மூன்று எண். பெயர், தகப்பன் பெயர், தெரு மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று முடிவு செய்து, முதல் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துடைத்துவிடும் கருவி ஒன்றை அவளே எழுதியிருந்தாள். பிறந்த தேதியை விட்டுவிடச் சொன்னவர் அவளுடைய டிபார்ட்மென்ட் ஹெட். பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்ததாகக் கவுன்டரில் எழுதிவைத்திருந்தார்கள்.

வேறெங்கோ அல்ல, இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவள் மகள் படுத்திருந்தாள். சறுக்கு மரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்து, வெள்ளிக்கிழமை எலும்பைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முழங்கைக்கு மேல்வரை வெள்ளை மாவுக்கட்டு. துணைக்கு அப்பா. காலையில் அவள் கிளம்பும்போது பாப்பா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இதுல பூனை வரைஞ்சு தா" என்றாள்.

"வேலையை முடிச்சிட்டு வந்து வரையறேன் கண்ணு. நீலப் பேனாவுல."

"உங்கம்மா பூனை வரைஞ்சா எலி வந்து தேடிட்டுப் போகும், நம்ம சொந்தக்காரன்னு" என்றார் கணவர். அவருக்கு எல்லாவற்றிலும் கேலி.

அந்தப் பூனைதான் அவளை அவசரப்படுத்தியது. டேட்டாபேஸில் கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. எழுத்துகளை எந்த முறையில் சேமிக்கிறது என்பது ஒன்று. அதைக் கேரக்டர் செட் என்பார்கள். அந்த எழுத்துகளை எந்த மொழியின் கணக்கில் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது என்பது மற்றது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் வழுக்கி விழுவதற்கென்றே ஓர் இடம் உண்டு. திரையில் எழுத்து உடையாமல் அழகாகத் தெரிந்துவிட்டால், இரண்டுமே சரியாக இருக்கிறது என்று மனம் சொல்லிவிடும். அவள் கேரக்டர் செட்டைப் பார்த்தாள். சரியாக இருந்தது. பெயர்கள் சுழியோடும் கொம்போடும் தெளிவாகத் தெரிந்தன. அப்போது பார்த்து ஹெட்டிடமிருந்து போன் வந்தது.

"மேடம், மொழி செட்டிங் எல்லாம் பாத்தாச்சா? புது சர்வர், ஞாபகம் வச்சுக்குங்க."

"பாத்துட்டேன் சார்."

"அப்ப ஓட்டிடுங்க. பேக்கப் டேப் வழக்கம்போல என் வீட்லதான் இருக்கு."

ஓட்டிவிட்டாள்.

கருவி முதலில் நோயாளிகள் பட்டியலைச் சுத்தம் செய்தது. பிறகு துணைக்கு இருப்பவர்கள். ஊழியர்கள் பட்டியலில் புகுந்தபோதுதான், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிக்க, பிரியமான பெயரைத் தட்டலாம் என்று மகள் பெயரைத் தட்டினாள்.

இப்போது கணவர் பெயரைத் தட்டினாள். ஒண்ணாம் நம்பர்.

சிரிப்பு குறைந்தது. வாய்க்கு வந்த நாலு எழுத்தை அர்த்தமில்லாமல் சேர்த்துத் தட்டினாள். அப்படி ஒரு பெயர் உலகத்தில் எவருக்கும் இருக்க முடியாது. ஒண்ணாம் நம்பர். தேடும் கட்டத்தைக் காலியாக விட்டு, ஒன்றுமே எழுதாமல் பொத்தானை அழுத்தினாள். மின்விசிறிகள் ஒரு தரம் இரைந்து அடங்கின. காலிக் கட்டத்துக்கும் அவர்தான் வந்தார்.

தன் பெயரைத் தட்டினாள். அவளே வந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளில் தன் விவரங்களை ஆங்கில எழுத்தில் ஏற்றிக்கொண்டவள் அவள். பின்னாடி தொல்லை வரக்கூடாது என்ற தொழில் புத்தி. மகள் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை கவுன்டரில் இருந்தவன் அவசரத்தில் பாப்பா பெயரை ஆங்கிலத்தில் அடித்துவிட்டான். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள்தான் அழித்து எழுதச் சொன்னாள். "தமிழ்ல போடுங்க தம்பி. பாக்க அழகா இருக்கும்."

மேசையில் இன்டர்காம் அடித்தது. மூன்றாம் மாடி நர்ஸ்.

"அக்கா, என் ஸ்கிரீன்ல ஒரே ஒரு பேஷன்ட்தான் காட்டுது."

"யாரு?"

"நம்ம ஒண்ணாம் நம்பர். மத்தவங்க யாரையும் காணோம். மருந்து குடுக்கிற நேரம்க்கா இது, நான் யாருக்கு எதைக் குடுக்கறது?"

நர்சின் குரலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். இரண்டு முறை. சற்றுத் தள்ளி இன்னொருவர் இரண்டு முறை. அதற்கும் தள்ளி இன்னொருவர்.

"என்ன, வார்டு முழுக்கச் சளியா?"

"தெரியலக்கா. இப்பதான் ஆரம்பிச்சாங்க." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் ஒரே மாதிரி இருமறாங்க."

இன்டர்காமை வைத்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தாள். நெடுநேரம் அடித்தபிறகு எடுத்தார். பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும், ஈரமாக, ஒரு பக்கமாகக் கசிகிற மூச்சு. பிறகு இரண்டு இருமல்.

"வண்டி வந்துடுச்சா?"

"போதும் விளையாட்டு" என்றாள். "அந்த மனுஷன் பக்கத்து வார்டுல படுத்திருக்கார். காதுல விழுந்தா என்ன நினைப்பார்? பாப்பாகிட்ட குடுங்க."

போன் உடனே கை மாறவில்லை. எதன் மீதோ உரசியது, போர்வையாக இருக்கும். ஒரு சின்ன மூச்சு வந்து போனில் ஒட்டிக்கொண்டது. மகளின் மூச்சு அவளுக்குத் தெரியாதா? மூக்கடைப்பு உள்ள குழந்தை, விசில் மாதிரி லேசான ஓர் ஒலி கூடவே வரும். அதேதான். நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

"பாப்பா, சாப்டியாம்மா?"

அந்தச் சின்னத் தொண்டையிலிருந்து தகரத்தைச் சுரண்டும் இருமல் வந்தது. இரண்டு முறை.

"வண்டி வந்துடுச்சா?"

அவள் போனை வைக்கவில்லை. அது கையிலிருந்து விழுந்தது. திரைக்குத் திரும்பி, காலையில் திறந்தே பார்க்காத அந்த இரண்டாவது செட்டிங்கைத் திறந்தாள். ஒப்பிடும் மொழி என்ற இடத்தில், சர்வர் பெட்டியிலிருந்து வந்த நாளில் என்ன இருந்ததோ அதுவே இருந்தது. கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டு மொழி. அந்த மொழியின் கணக்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எடை உண்டு. எடையை வைத்துத்தான் இது வேறு, அது வேறு என்று பிரிக்கும். தமிழ் எழுத்துகளை அது பார்த்ததே இல்லை. எதற்கும் எடை போடவில்லை. எழுத்துக்கு எடை இல்லையென்றால் பெயருக்கும் எடை இல்லை, தகப்பன் பெயருக்கும் இல்லை, தெருவுக்கும் இல்லை. இந்த ஊரில் இதுவரை இங்கே வந்துபோன அத்தனை பேரும் அதன் கண்ணுக்கு ஒருவருக்கு ஒருவர் சமம். காலிக் கட்டத்துக்கும் சமம்.

அத்தனை பேரும் ஒரே ஆள். முதல் பதிவை மட்டும் வைத்துக்கொள்.

அவளே எழுதிய கட்டளை அது.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியேறினாள். பகல் வெளிச்சம் படிக்கட்டு ஜன்னல்கள் வழியாகச் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பினாயில் போட்டுத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. முதல் மாடியில் தைல வாசனை லேசாக வந்தது. இரண்டாம் மாடியில் கண் எரிந்தது. மூன்றாம் மாடிக் கதவைத் தள்ளியபோது அந்த வாசனை ஈரத்துணி மாதிரி முகத்தில் அப்பியது.

நல்ல வெயில். ஜன்னல் திரைகள் விலக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டிலிலும் ஒருவர், வழக்கம்போல. குடல் அறுவை செய்த பள்ளி ஆசிரியை. கால் உடைந்த தபால்காரர். கர்ப்பப்பை எடுத்த பெண், பக்கத்தில் அவள் அக்கா. எல்லாருடைய தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. எல்லாருடைய வாயும் இடப்பக்கம் தொங்கியிருந்தது. அந்த மூலையில் எச்சில் கோடாக இறங்கி வெயிலில் மின்னியது. நர்ஸ் மட்டும் தன் மேசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

இருமல் கடைசிக் கட்டிலில் தொடங்கி வரிசையாக வந்தது. ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர். தொட்டிலில் கிடந்த பிறந்த குழந்தை வரைக்கும் வந்தது. பல் முளைக்காத வாய் கோணித் திறந்தது.

"வண்டி வந்துடுச்சா?"

"அக்கா" என்றாள் நர்ஸ். "அக்கா, பக்கத்துல போகாதீங்க."

போகாமல் எப்படி இருப்பாள். மகளின் கட்டில் நடுவரிசையில் இருந்தது. கணவர் நாற்காலியில், இடது கை செத்தது போல மடியில் கிடக்க, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் பின்னிவிட்ட இரட்டைச் சடை அப்படியே இருந்தது. சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது. மாவுக்கட்டு வெள்ளையாக, பூனைக்காகக் காலியாக இருந்தது. முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கன்னம் கைக்குள் குழைந்து இடப்பக்கம் வழிந்தது.

"பாப்பா. அம்மாடா. அம்மாவைப் பாரு."

குழந்தையின் கண்கள் அவளைப் பார்த்தன. லாரியின் உயரத்திலிருந்து சாலையோரத்தில் நிற்பவளைப் பார்க்கிற பார்வை. அதில் பகையும் இல்லை, பிரியமும் இல்லை. ஜன்னலை மறைக்கிறாளே என்ற அலுப்பு மட்டும் இருந்தது. குழந்தை மெதுவாகத் தலையை விலக்கி, அவளைத் தாண்டி வெளியே பார்த்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. 

நர்சின் மேசையில் இருந்த போனிலிருந்து ஹெட்டைக் கூப்பிட்டாள். சொல்ல முடிந்ததைச் சொன்னாள்.  மொழி செட்டிங் பாத்தேன்னு சொன்னீங்களே என்று அவர் கேட்கவில்லை. அவர் நல்ல மனிதர்.

"டேப்பை எடுத்துட்டு வர்றேன் மேடம். பழசை அப்படியே ஏத்திடலாம். எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. ஒரு பட்டனைக்கூட."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"ஒரு மணி நேரம். ஊருக்கு வெளியில இருக்கேன்."

ஒரு மணி நேரம். பொறுக்கலாம். பொறுத்துத்தான் ஆக வேண்டும். கட்டிலுக்குத் திரும்பி வந்து அவள் மகளின் நெற்றியில் கைவைத்தபோது நர்ஸ் பின்னாலிருந்து பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ஒண்ணாம் நம்பருக்குக் காலையிலிருந்தே நாடி இறங்கிட்டு இருக்கு. பெரிய டாக்டர் பாத்துட்டு, சாயங்காலம் தாண்டாதுன்னுட்டார்."

அவள் திரும்பவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். விரலுக்கடியில் நாடி ஓடியது. நின்றது. யோசித்துவிட்டு மறுபடி ஓடியது.

"எல்லாருக்கும் பாத்தேன்க்கா" என்றாள் நர்ஸ். "எல்லாருக்கும் ஒரே நாடிதான்."

ஒண்ணாம் நம்பர் போனால் எல்லாரும் போவார்கள்.

கீழே ஓடினாள். படிகள் எப்படிப் போயின என்று தெரியாது. நாற்காலியில் உட்காராமலே விசைப்பலகையை இழுத்தாள். மொழியை மாற்றப் பார்த்தாள். ஊழியர் பட்டியலில் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது மாற்ற முடியாது என்றது திரை. கருவியை நிறுத்தப் பார்த்தாள். கையில் எடுத்த பட்டியலை முடித்துவிட்டுத்தான் நிற்பேன் என்றது. அதையும் அவளே அப்படி எழுதியிருந்தாள். பாதியில் எவனாவது நிறுத்தித் தொலைப்பான் என்று.

மகளைப் புதிதாகப் பதியப் பார்த்தாள். பெயர். தகப்பன் பெயர். தெரு.

'இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார்.'

மறுபடி.

'இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார்.'

மேலேயிருந்து, கான்கிரீட் கூரையைத் தாண்டி, இருமல் கேட்டது. முன்னைவிட மெதுவாக. இரண்டு இருமலுக்கும் நடுவில் இடைவெளி நீண்டிருந்தது.

இருப்பது ஓர் இடம். அதில் ஒண்ணாம் நம்பர் உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்தால் இன்னொருவர் உட்காரலாம். ஒரே ஒருவர். சாயங்காலம் தாண்டாத மனிதர்தானே. பேச்சு போய், கை கால் போய், வராத வண்டிக்குக் காத்துக் கிடக்கிறவர். நான் ஒன்றும் செய்யாவிட்டாலும் போகப்போகிறவர். இப்படியெல்லாம் நினைத்தாள். நினைக்கும்போதே விரல் அவருடைய வரியைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆசிரியையின் முகம் ஞாபகம் வந்தது, தபால்காரர், தொட்டில் குழந்தை. மற்றவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஹெட் வரட்டும். டேப் வரட்டும். முதலில் பாப்பா.

எதையும் தொடாதீங்க என்று சொல்லியிருந்தார்.

தொட்டாள்.

'நீக்கப்பட்டது.'

இருமல் நின்றது. மேலே எல்லா மாடிகளிலும், ஒரே நேரத்தில்.

கட்டடம் இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. மின்விசிறி. ஏசி. அவள் மூச்சு. வேறு எவருடைய மூச்சும் இல்லை.

பெயரைத் தட்டினாள்.  ஓர் எழுத்து தப்பியது. அழித்தாள். தட்டினாள். தகப்பன் பெயர். தெரு. அழகான எழுத்துகள். எடை இல்லாத எழுத்துகள். அழுத்தினாள்.

'பதிவு ஏற்கப்பட்டது.' அதன் கீழே இன்னொரு வரி தானாக வந்தது. 'ஒரே ஆள், ஒரே எண்: ஊழியர் பட்டியல் உட்பட எல்லாப் பட்டியல்களும் இணைக்கப்பட்டன. பணி முடிந்தது.'

காத்திருந்தாள்.

"அம்மா!"

மேலேயிருந்து வந்தது. விசில் கலந்த அந்தக் குரல். மூக்கடைத்த, சிணுங்குகிற, தூங்கி எழுந்த குரல்.  வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடவுளே, என் தங்கமே, வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

"அம்மா!"

இது இரண்டாவது. முதலாவது வந்த இடத்திலிருந்து அல்ல.

"அம்மா!" இது முதல் மாடி. "அம்மா!" இது வாசல் பக்கம். "அம்மா, அம்மா, எங்கம்மா இருக்கே?" கூரை முழுக்க அதே குரல். கட்டில்கள் நகரும் ஓசை. வெறுங்கால்கள். ஒரு காலை இழுத்து ஒரு காலைத் தத்தி, மாடிப்படி என்றால் பாப்பா எப்போதும் இறங்குகிற மாதிரி, தத்தித் தத்தி, நூறு கால்கள்.

தரையில் கிடந்த போன் ஒளிர்ந்தது. ஹெட். பாய்ந்து எடுத்தாள்.

"சார், சார், டேப்பை..."

"அம்மா" என்றார் ஹெட், விசில் கலந்த சின்னக் குரலில். "நான் ரோட்டுல இருக்கேன். வண்டியெல்லாம் பெருசு பெருசா வருது. பயமா இருக்கும்மா. நீ எப்ப வருவே?"

பிறகு ஹாரன். பிறகு ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் முதலில் வந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். தூக்கம் வந்தால் பாப்பா செய்வது. அவளுக்குப் பின்னால் கணவர், கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் தபால்காரர், உடைந்த காலை உடைந்தது என்றே தெரியாமல் ஊன்றி. ஆசிரியையின் வயிற்றுக் கட்டு நனைந்து சிவந்திருந்தது; அதை அவள் கவனிக்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். எல்லாரும் இடது கையை மடித்து நெஞ்சோடு வைத்திருந்தார்கள்.

"பாப்பா!" என்று கத்தினாள் டேட்டாபேஸ்காரி.

"ம்ம்" என்றார்கள் எல்லாரும்.

தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். படிக்கட்டின் திருப்பத்தில், கூட்டத்துக்குள், இடுப்பு உயரத்தில் சிவப்பு ரிப்பன். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கை, தூக்கிக் காட்டியபடி. பாய்ந்தாள். விடவில்லை. அடிக்கவில்லை, தள்ளவில்லை, பிள்ளைகள் அம்மாவைப் பிடித்துக்கொள்வது போலத்தான் பிடித்துக்கொண்டார்கள். புடவையை, கையை, கழுத்தை. கனமான பெரிய கைகள்.

"நீ சொன்னேல்ல" என்றாள் நர்ஸ். உதடு பிதுங்கியது. "பூனை வரைஞ்சு தரேன்னு சொன்னேல்ல."

இடது கையை நீட்டினாள். கணவர் நீட்டினார். தபால்காரர் நீட்டினார். தொட்டில் குழந்தையைத் தரையில் போட்டுவிட்டு அதன் தாய் நீட்டினாள்; தரையில் கிடந்ததும் நீட்டியது.

"சரி" என்றாள். "சரி, சரி. வரையறேன். வரைஞ்சா வழி விடுவீங்களா?"

"ம்ம்."

மேசையில் நீலப் பேனா இருந்தது. நர்சின் கையில் ஒரு வட்டம், இரண்டு காது, மூன்று மூன்றாக மீசை. நர்ஸ் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள், நகரவில்லை. கணவரின் மயிரடர்ந்த கையில் ஒன்று. தபால்காரரின் கையில் ஒன்று. மாவுக்கட்டில் வரைய வேண்டிய பூனை ஒவ்வொன்றாக அடுத்தவர் தோலில் இறங்கிக்கொண்டிருந்தது. மை மங்கியது. உதறி உதறி வரைந்தாள். அழுத்தி வரைந்த இடங்களில் தோல் கிழிந்தது. அவர்களுக்கு வலிக்கவில்லை, அல்லது பொறுத்துக்கொண்டார்கள், நல்ல பிள்ளைகள்.

வாசல் பக்கத்திலிருந்து கால்கள் வந்துகொண்டே இருந்தன. இந்த மருத்துவமனைக்கு ஒரு காய்ச்சலுக்கு, ஒரு தையலுக்கு, ஒரு பிரசவத்துக்கு என்று எப்போதோ வந்துபோன ஊர் முழுவதும், வீடுகளைத் திறந்தபடி போட்டுவிட்டு, அம்மாவைத் தேடித் தெருவில் நடந்துவந்துகொண்டிருந்தது. வருகிறவர்கள் பெரியவர்கள். பலமுள்ளவர்கள். ஆசையோடு முண்டி முண்டி முன்னால் வந்தார்கள். ஒவ்வொருவர் முன்னால் வரும்போதும், படிக்கட்டின் திருப்பத்தில் தெரிந்த அந்த வெள்ளைக் கை ஒரு படி பின்னால் போனது. பிறகு இன்னொரு படி. அது இன்னும் தூக்கித்தான் இருந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டது அது, அல்லது வேறு யாரோ. "அம்மா, எனக்கு?"